ஜெயித்தால் கிடைக்கும் பரிசு

"மறுபடியும் கோட்டை விட்டாச்சா?" என்றாள் மனைவி.

ஷூவைக் கழற்றி மூலையில் வீசினார் காலேஜ் பாஸ்கெட்பால் கோச்.

"பிராக்டிஸ்ல புலியாப் பாயுதுங்க பொண்ணுங்க. மேட்ச்னு வந்தா மட்டும் பந்து கூடைப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டேங்குது. நாளைக்கும் தோத்தா டீமையே கலைச்சிடுவேன்னு பிரின்சிபால் சொல்லிட்டாரு."

"சரி, ஜெயிச்சா என்ன தர்றதாச் சொல்லி வச்சிருக்கீங்க?"

கோச் வெட்கத்தோடு அவள் காதில் சொன்னார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அதையே தோத்தா தர்றதாச் சொல்லிப் பாருங்களேன்!"

மறுநாள் பெண்கள் பேய் பிடித்தது போல ஆடினார்கள். எதிரணிக்கு மூச்சு வாங்கியது. டீம் பிழைத்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே கும்மாளம். கோச்சுக்குக் கால் தரையில் பாவவில்லை. எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

பஸ்ஸில் ஒருத்தி முகத்திலும் ஈயாடவில்லை.

"சார், நாங்க ஜெயிச்சுட்டோம் சார்!" என்று அலறினாள் கேப்டன். "தோத்தாத்தானே வீடு வரைக்கும் பாடிக்கிட்டே வருவேன்னு சொன்னீங்க?"

முன்னாலிருந்து டிரைவரும் கெஞ்சினார்.

"சொன்ன சொல் தவறாதீங்க சார். உட்காருங்க!"