திருப்பத்தில் நிற்பது

தோள் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. சுமை தூக்கிய வலி இல்லை. வாரக்கணக்கில் மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த வலி. சுமை வலியே தேவலை.

அரங்கில் விளக்கை அணைத்தார்கள்.

முன்வரிசையில் தேர்வுக்குழு. கடைசி வரிசையில் எங்கள் மலைநகரமான லா பாஸின் சந்தைச் சுமைக்காரர்கள், தோளில் சுருட்டிய கயிறும் களைப்புத் தெரியாமலிருக்கக் கன்னத்தில் அடக்கிய கோக்கா இலையுமாக. வாசலில் காவலாளி மறித்தபோது, "எங்க பொண்ணு பாஸாகுறதப் பாக்க வந்திருக்கோம், தள்ளுய்யா" என்று மெலித்தோன் மாமா அவரை அலாக்காகத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு வந்தாராம்.

போன தடவை இதே அரங்கில் தோற்றேன்.

வின்ச்சுக்கா என்கிற ரத்தம் உறிஞ்சும் பூச்சியால் உடம்பில் ஏறும் கிருமி. அதில் ஒரு புரதம். அந்தப் புரதத்தில் உள்ள ஒரு குழியை நான் உருவாக்கிய மருந்து அடைக்கிறது. திரையில் காட்ட வேண்டியது இவ்வளவுதான். கணக்கெல்லாம் சரியாக இருந்தது. கேமராதான் கெடுத்தது. நிஜக் கேமரா இல்லை, கணினிப் படத்துக்குள் பார்வையை நகர்த்தும் கேமரா. அதை ஒரே நேரத்தில் முன்னால் ஓட்டி, பக்கவாட்டில் சுழற்றி, ஜாலம் காட்டினேன்.

"எங்க நிக்கிறோம்னே தெரியலம்மா, தலைதான் சுத்துது" என்றார் தேர்வுக்குழுத் தலைவர் டாக்டர் உர்கிதி.

குழியை யாரும் பார்க்கவில்லை. கையெழுத்தும் விழவில்லை. இன்றும் பார்க்காவிட்டால் பட்டம் இல்லை.

படம் ஓடியது.

மலை மாதிரிப் புரதம். கேமரா நேராகப் போனது. நின்றது. நின்ற இடத்திலேயே திரும்பியது. மறுபடி நின்றது. அதன் பிறகுதான் முன்னால் நகர்ந்தது.

பின்வரிசையில் தோமாசா அக்கா கத்தினாள். "ஏ, இது நம்ம பீரோ ஏத்துற கணக்குல்ல!"

அதேதான். லா பாஸின் செங்குத்துப் படிகளில் இரண்டு பேர் பீரோ ஏற்றும்போது பின்னால் வருபவருக்குப் பலகையைத் தவிர ஒன்றும் தெரியாது. வளைவு வந்தால் முன்னால் போகிறவர் நிற்பார். "திரும்புறேன்" என்பார். திரும்புவார், நிற்பார், பிறகு ஏறுவார். ஏறிக்கொண்டே திரும்பினால் பின்னால் இருப்பவர் கதி அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து பின்னால் நின்று தூக்கியவள் நான். படம் பார்க்கிறவர்களும் பின்னால் தூக்குகிறவர்கள்தான் என்பது தோற்ற பிறகுதான் உறைத்தது.

கேமரா குழியின் விளிம்பில் வந்து நின்றது. உள்ளே மருந்து, கல்லுக்கு இடையில் கல் வைத்து இறுக்கியது போல, அசையாமல் உட்கார்ந்திருந்தது.

டாக்டர் உர்கிதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இப்பத் தெரியுது. உள்ளயே நிக்கிற மாதிரி இருக்கு."

கையெழுத்துப் போட்டார்.

பின்வரிசை எழுந்து ஊளையிட்டது. என் தலையில் வண்ணக் காகிதத் துகளைக் கொட்டினார்கள். நான் குனியவில்லை. இந்த அரங்கின் நாற்காலிகளை முதுகில் சுமந்து மேலே ஏற்றியவர்கள் நாங்கள். நிமிர்ந்தே நின்றேன்.

"கேமராவ இப்படி நகர்த்த யாரும்மா கத்துக் குடுத்தது?"

"எனக்கு முன்னால தூக்கினவன், டாக்டர். எங்கண்ணன் செவரினோ."

"வந்திருக்காரா?" அவர் பின்வரிசையில் தேடினார்.

ஊளை நின்றது. மெலித்தோன் மாமா தொப்பியைக் கழற்றினார்.

என் கடைசி எழுத்துத் தேர்வு நாளில் மாமாவோடு தூக்க வேண்டிய முறை என்னுடையது. எனக்குப் பதிலாக அண்ணன் போனான். வளைவில் "நிக்கிறேன்" என்றானாம். பீரோவை மாமாவின் மேல் சரியவிடாமல் படியில் இறக்கி வைத்துவிட்டுத்தான் விழுந்தானாம், பிறகு எழவே இல்லை. வின்ச்சுக்காவின் கிருமி அவன் இதயத்தை அரித்திருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது.

ஒருவர் முறையை இன்னொருவர் தூக்கினால் எங்களுக்குள் அது ஐனி, உழைப்புக் கடன். காசு கொடுத்துத் தீர்க்க முடியாது, தூக்கித்தான் தீர்க்க வேண்டும்.

அண்ணனுக்கு நான் ஒரு நாள் சுமை கடன்பட்டிருக்கிறேன்.