துணைக்கு ஒரு ஊசி

தையல் மெஷினை நிறுத்தாமலே அவள் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். கணவர் சமையலறையில் நின்று இரண்டு பக்கமும் நோட்டம் விட்டார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, ஃப்ரிட்ஜைத் திறந்து, முட்டைகளுக்குப் பின்னால் வைத்து, சத்தம் வராமல் சாத்தினார்.

கொஞ்ச நேரத்தில் கூடத்திலிருந்து குரல் வந்தது. "என் கண்ணாடியைப் பார்த்தியா? எங்க வெச்சேன்னே ஞாபகம் வரல!"

அவளுக்குப் பகீரென்றது. சாவி செருப்புக்குள் கிடந்தது, துவைத்த சட்டையை மறுபடி துவைக்கப் போட்டது, எல்லாமே நடிப்பா?

அந்த மறதிக்குப் பயந்துதானே போன வாரம் அவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள்! அல்சைமர் நோய் என்றால், மறதி முற்றுவதற்கு முன்பே ரத்தத்தில் இருக்கும் ஒரு புரதம் காட்டிக்கொடுத்துவிடுமாம். ஊசியைக் கண்டதும் மனிதர் சின்னப்பிள்ளை மாதிரி அடம் பிடித்தார். "நீயும் ரத்தம் குடுத்தாத்தான் நான் குடுப்பேன்." வேறு வழியில்லாமல் அவளும் துணைக்குக் கையை நீட்டினாள்.

அந்தக் கவலையில் சில மாதமாகவே அவள் தொழிலும் கெட்டிருந்தது. நேற்று ஒரு கவுனுக்கு இரண்டு கையையும் இடக்கையாகவே வெட்டித் தொலைத்திருந்தாள். இவரானால் இங்கே நாடகம் போட்டுக்கொண்டிருக்கிறார்!

தங்கைக்குப் போன் போட்டாள். "உன் மாமா நடிக்கிறாருடி."

"எதுக்குக்கா? வேற யாராவது பொம்பளை...?"

"அந்த மூஞ்சிக்கா? லிஃப்ட் ரிப்பேருக்குப் போனா, ஏறி இறங்குறவங்களை நிமிர்ந்துகூடப் பார்க்காத ஆளு."

"அப்போ வேலைக்கு முழுக்குப் போடப் பார்க்கிறாரு. மறதின்னு சொல்லிக் காலை நீட்டி உக்காந்துப்பாரு. நீ ராப்பகலா தைச்சுப் போடணும், பாரு."

அது அவளுக்குச் சுருக்கென்று பட்டது.

அந்நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் பூனை போல நடந்து கதவில் காதை வைத்தாள்.

"சரிங்க டாக்டர்... ஸ்கேனும் எடுத்துடலாம். ஆமா, சீக்கிரமே தெரிஞ்சது நல்லதுதான்... இல்ல, நீங்க சொல்ல வேண்டாம். வீட்ல நானே பக்குவமா சொல்லிக்கிறேன்."

டாக்டரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டாரா! அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஃப்ரிட்ஜிலிருந்து கண்ணாடியை எடுத்து வந்து, கதவைத் திறந்தவரின் கையில் திணித்தாள்.

"நீங்க ஒளிச்சு வெச்சதை என் கண்ணால பார்த்தேன். உங்களுக்கு மறதியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல!"

அவர் மறுக்கவில்லை. "இல்லதான். எனக்கு ரிசல்ட் சுத்தமா வந்திருக்கு."

"அப்புறம் எதுக்கு ஸ்கேன்? யாரை ஏமாத்த இந்தக் கூத்து?"

கண்ணாடியைப் போட்டுக்கொள்ளாமலே அவளைப் பார்த்தார். கண்கள் கலங்கியிருந்தன. ஊசித் தழும்பேறிய அவள் விரல்களை மெல்லப் பற்றிக்கொண்டார்.

"உனக்குத்தான் டெஸ்ட்னு சொல்லியிருந்தா, வந்திருப்பியா?"