அசல் மாத்தளைப் பேச்சு

ஜெர்மனியில் மொழியியல் படிக்கும் மகள் பிரதீபா, தான் விரும்புகிற பையனிடம் போனைக் கொடுத்ததும், இலங்கை மலையகத்து மாத்தளையில் இருந்த இராஜகுமாரி குழம்பிப்போனாள்.

"அத்தே, நீங்க சரின்னு சொன்னாதான் கல்யாணம்."

அந்த இழுவை அசல் மாத்தளைதான். ஆனால் யார் வீட்டுப் பிள்ளை?

"எந்தத் தோட்டம், தம்பி?"

"தோட்டமெல்லாம் இல்லீங்க."

"அப்ப டவுனா? கோயில் பக்கமா?"

பதிலுக்கு மகள் சிரிக்கும் சத்தம்தான் கேட்டது.

"என்னமோ போ. பேச்சே சொல்லுது, நம்ம புள்ளதான். எனக்குச் சம்மதம்."

உடனே வீடியோ வந்தது. செம்பட்டை முடியும் நீலக் கண்ணுமாக ஒருவன் கைகூப்பினான்.

"அம்மா, இவருதான் மார்ட்டின். என்கூடப் படிக்கிறாரு."

"ஐயோ, இந்தப் பேச்சை யாருப்பா சொல்லிக்குடுத்தது?"

"நீங்கதான், அத்தே. தினமும் போன்ல இவளை ஏசுவீங்கள்ல, அதைக் கேட்டுத்தான் படிச்சேன். முதல்ல படிச்சது, 'வெள்ளைக்காரனைக் கூட்டிட்டு வந்தே, காலை ஒடிச்சிருவேன்!'"