நீள்ளு காவாலி

"எவன்டா இதை அடிச்சது?" என்று கத்திக்கொண்டே உள்ளே வந்தார் சேனல் முதலாளி மைக்கேல்ராஜ்.

அடித்தது நான்தான். எங்கள் ஓசூர் லோக்கல் சேனலில் திரைக்கு அடியில் ஓடும் செய்தியை டைப் செய்வது என் வேலை.

அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது: 'சென்னப்பா, நீ காவாலி! எல்லம்மா நகர் ரங்கம்மா ஆவேசம்.'

சென்னப்பன் கவுன்சிலர். எங்களுக்கு அதிகம் விளம்பரம் தருபவரும் அவர்தான். அவர் பிறந்தநாளன்று நாள் பூராவும் எங்கள் திரையில் சிரிப்பார்.

காலையில் காலிக் குடத்தோடு ரங்கம்மா கேமரா முன்னால் கத்தியது, "சென்னப்பா, நீள்ளு காவாலி!" தெலுங்கில் அதற்குத் தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். நான் அடித்ததில் தண்ணீர் போய், பொறுக்கி மட்டும் மிஞ்சிவிட்டான்.

'எல்லம்மா நகரில் குடிநீர் இல்லை' என்று இருபது நாளாக நல்ல தமிழில் ஓட்டினோம். ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. காவாலி ஓடிய அரை மணி நேரத்தில், டிவியைச் செல்போனில் படம் பிடித்து பஸ் ஸ்டாண்டு முழுக்க புளூடூத்தில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் சட்டை மாற்றிக்கொண்டு பேட்டி கொடுக்க வந்தேவிட்டார்.

மதியத்துக்குள் டேங்கர் போனது. பின்னால் சென்னப்பன், அவர் பின்னால் எங்கள் கேமரா. முதல் குடத்தை அவரே தூக்கி ரங்கம்மாவின் இடுப்பில் வைத்தார். படம் சரியாக விழவில்லை என்று மூன்று தடவை வைத்தார். மூன்று தடவையும் பாதித் தண்ணீர் கீழே கொட்டியது.

அடுத்து நேராக எங்கள் ஆபீசுக்கு வந்து, அடித்தவனை வேலையை விட்டுத் தூக்கச் சொன்னார்.

"முத்துக்குமாருக்கு ஊரு கோவில்பட்டிங்க. தெலுங்கு என்னத்தக் கண்டான்? இந்த ஒரு தடவ விட்டுருங்க" என்று என்னைக் காட்டிச் சொன்னார் மைக்கேல்ராஜ்.

கவுன்சிலர் பெரிய மனது பண்ணினார். "இனிமே யாரையாவது கேட்டு அடி" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் எல்லம்மா நகருக்கு இன்னொரு லோடு வந்தது. வரிசையில் ரங்கம்மாவுக்குப் பின்னால் நின்று என் இரண்டு குடங்களையும் நிரப்பினேன்.

தண்ணீர் வந்ததா என்று இருபது நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்குப் போன் போட்டு, வந்துவிட்டது என்று சொன்னேன்.

"இங்கேமி காவாலி?" என்றாள் கோவில்பட்டியிலிருந்து.

வேறென்ன வேண்டும் என்று எங்கள் வீட்டில் அப்படித்தான் கேட்போம்.