சேற்று வாடை

அரசப்பன் கலந்தர் பாயைக் கடைசியாக உயிரோடு பார்த்தது பெரிய ஏரியின் மதகில். அன்றும் பாயின் கூடையில் விரால் துள்ளியது. அரசப்பனின் தூண்டிலில் பாசிதான் வந்தது.

கூலி உயர்வு கேட்டு, பண்ணை வயலில் இறங்குவதில்லை என்று உட்கார்ந்து ஒரு மாதம் ஆகிறது. கோட்டையில் ஆட்சி மாறியும் பண்ணை மசியவில்லை. அரசப்பன் தெருவில் பாதி அடுப்பு எரியவில்லை.

துணிக்கடைக்காரரான பாய்க்கு அந்தக் கவலை கிடையாது. டவுனிலிருந்து சைக்கிளில் வந்து பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறார்.

பொழுது போகாதவனுக்கு விரால், பசித்தவனுக்குப் பாசி! அரசப்பனுக்கு வயிறு எரிந்தது.

“என்ன பாய், ஏரியை உங்க பேருக்குப் பட்டா போட்டாச்சா?”

“மீனுக்கு உன் மூஞ்சியப் பாத்தா பயம், அரசப்பா. கொஞ்சம் சிரியேன்.”

“எனக்கு ஒண்ணும் இந்த மீன் வேணாம். எங்க மச்சான் தினம் கொடுத்தனுப்புறான். அவன் தயவுலயே எத்தனை நாள் சாப்பிடுறதுன்னுதான் இங்க வந்து குந்தியிருக்கேன்.”

“நல்ல மச்சான்தான். குடுத்து வச்சவன்யா நீ.”

பாய் கூடையை சைக்கிளில் கட்டினார். “வர்றேன்” என்றார். அரசப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்த பாய் அப்படியே சாய்ந்துவிட்டார்.

அடக்கம் முடிந்ததும் அரசப்பன் பாயின் மகன் யூனுஸிடம் துக்கம் விசாரித்தான். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “உங்க வீட்ல தினம் விரால் குழம்பு கொதிச்சிருக்கும். இனிமே யாரு...” என்று இழுத்தான்.

யூனுஸ் விழித்தான். “எங்க வீட்லயா? நாங்க அதிராம்பட்டினத்து ஆளுங்கண்ணே. கடல் மீனுதான் சமைப்போம். ஏரி மீனுல சேத்து வாடை அடிக்கும்னு வாப்பா வாயில வைக்க மாட்டார்.”

“அப்ப, புடிச்சதெல்லாம்?”

“உங்க தெருவுலதானே வீடு வீடா கொடுத்தார்! அண்ணி சொல்லலையா?”

அரசப்பன் வேகவேகமாக வீட்டுக்கு வந்தான். மனைவி காளியம்மாள் அவன் முகத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

“பாய் கொடுத்ததுன்னா நீங்க தொடமாட்டீங்கன்னு தெருவுக்கே தெரியும். அதான் யாரும் உங்க காதுல போடல.”

“அதுக்கு உன் தம்பி பேரையா சொல்லுவ?”

“அப்படிச் சொல்லச் சொன்னதே பாய்தாங்க.”

மதகில் இப்போது ஒரு தூண்டில்தான் விழுகிறது. பெரும்பாலும் கெண்டைக் குஞ்சுதான் சிக்குகிறது. தெருவுக்குப் பத்துவதில்லை.