தூரத்திலேயே தெரிகிற பூ

"வாடாமல்லி வேணாம் மாரியப்பா. துலுக்கச்சாமந்தியும் வேணாம். செவப்பா எது பூக்கும், அதைச் சொல்லு" என்றாள் கிருஷ்ணவேணி.

தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் மாரியப்பன் தயக்கத்தோடு ஸ்டேஷன் மாஸ்டர் சக்கரபாணியைப் பார்த்தான். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன ஸ்டேஷன் முழுக்க சக்கரபாணியின் அதிகாரம்தான். தோட்டத்தை மட்டும் போன வாரம் மனைவி கிருஷ்ணவேணியிடம் ஒப்படைத்திருந்தார்.

வேறு வழியில்லை. ஸ்டேஷன் தோட்டப் போட்டிக்கு ஆவணி மாதத்தில்தான் ஆபீசர் வருவார். மூன்று வருடமாக சக்கரபாணி ரோஜாவும் டேலியாவும் வைத்துப் பார்த்தார். சித்திரையில் துளிர்த்ததெல்லாம் ஆடிக்குள் விறகாகிவிட்டது. போன வருடம் ஆபீசர் அந்தக் குச்சிகளைப் பார்த்துவிட்டு, "வேலி நல்லா போட்டிருக்கீங்க" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

"இந்த வெயிலுக்குத் தாங்கறது நாலுதாம்மா. நித்தியகல்யாணி, அரளி, கோழிக்கொண்டை, காகிதப்பூ" என்றான் மாரியப்பன். "ரெண்டு நாளைக்கு ஒரு கொடம் ஊத்தினா போதும். அரளியை ஆடுகூடத் தொடாது."

"காகிதப்பூ ரத்தச் செவப்புல கெடைக்குமா?"

"கோட்டக்குப்பத்துல ஒரு பாய் தோட்டத்துல இருக்குது. வேர் வுட்ட செடியாவே வாங்கிக்கினு வர்றேன்."

சக்கரபாணிக்குப் பொறுக்கவில்லை. "கலர் கலரா இருந்தாதானே வேணி மார்க் போடுவாங்க? நடுவுல கொஞ்சம் மஞ்சள் போடேன்."

"மஞ்சள் எல்லாம் இந்த வெயில்ல வெளுத்துடுங்க. செவப்புதான் தூரத்துல இருந்தே தெரியும்."

"தூரத்துல இருந்து எதுக்குத் தெரியணும்?"

"ஆபீசர் நடந்தா வர்றாரு? ரயில்லதானே வர்றாரு?"

அது அவருக்கு நியாயமாகப் பட்டது.

கோழிக்கொண்டைக்கு ஆபீஸ் வாசலைக் கொடுத்தாள். காகிதப்பூவை மட்டும் பிளாட்பாரத்தின் மெட்ராஸ் பக்கத்துக் கோடிக்குக் கொண்டுபோனாள். அங்கே ஒரு மூங்கில் நடச் சொன்னாள்.

"எவ்ளோ ஒயரம்மா?"

"நீ கையைத் தூக்கிக்கினு நில்லு."

மாரியப்பன் நின்றான்.

"அவ்ளோதான். அதுக்கு மேல வேணாம். கொடியை மூங்கிலோட இறுக்கிக் கட்டிக்கினே வா."

ஆவணி வந்தது. ஒரு தூறல்கூட இல்லை. சுற்றி மல்லாட்டைக் கொல்லையெல்லாம் கடலைச் செடியோடு காய்ந்து புழுதி பறந்தது. ஸ்டேஷன் மட்டும் சிவப்பாக ஜொலித்தது. இலையே தெரியாமல் பூத்திருந்த காகிதப்பூவைப் பார்த்து ஆபீசர் அசந்துபோனார். அந்த வருடம் முதல் பரிசு அவர்களுக்குத்தான்.

சக்கரபாணி கோப்பையை வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "நீ சொன்னதுதான் வேணி சரி. செவப்புதான் கலரு" என்று நாலு முறையாவது சொல்லியிருப்பார்.

அடுத்த வியாழக்கிழமை காலை கிருஷ்ணவேணி மாரியப்பனைக் கூப்பிட்டாள். "கொடியை அவிழ்த்து வுடு. பாவம், எத்தனை நாள் கட்டியே இருக்கும்? கொஞ்சம் காத்தாடட்டும்."

அவன் அவிழ்த்துவிட்டான். மேல்காற்றில் கொடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

பதினோரு மணிக்கு மெட்ராஸ் எக்ஸ்பிரஸ். அந்த ஸ்டேஷனில் அது ஒரு நாளும் நின்றதில்லை. வழக்கம்போல சக்கரபாணி பச்சைக் கொடியோடு நின்றார். வண்டி தூரத்திலேயே ஊதியது. பிறகு கிறீச்சென்று பிரேக் போட்டு, பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டது.

இன்ஜினிலிருந்து டிரைவர் தலையை நீட்டினார். "நீங்க பச்சை காட்டறீங்க, அங்க ஒருத்தன் செவப்புக் கொடி ஆட்டறான். நான் எதை சார் பாக்கறது?"

"அது கொடி இல்லீங்க."

"பின்ன?"

"பூவு."

டிரைவர் இறங்கி வந்து பூவைப் பார்த்தார். சக்கரபாணியைப் பார்த்தார். பேஜாரு என்று முனகிக்கொண்டே திரும்ப ஏறினார்.

அதற்குள் நாலாவது பெட்டியிலிருந்து இரண்டு டிரங்குப் பெட்டிகள் இறங்கின. ஒரு சுருட்டிய மெத்தை இறங்கியது. ஊறுகாய் ஜாடி இறங்கியது. கடைசியாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சக்கரபாணியின் மாமியார் தையல்நாயகி இறங்கினாள்.

"'எங்க ஸ்டேஷன்ல எக்ஸ்பிரஸ் நிக்காது அத்தை, நீங்க எப்படி வருவீங்க'ன்னு ஆறு வருஷமா எழுதிக்கினே இருந்தீங்களே மாப்பிள்ளை" என்றாள் அவள், மெத்தையை அவர் தோளில் ஏற்றியபடி. "பூ பூத்துடுச்சு, வியாழக்கிழமை வண்டியில ஏறி உக்காரும்மான்னு வேணிதான் எழுதினா."