கட்டம் மாறுகிறது

“கறுப்பும் வெள்ளையுமா, கட்டம் கட்டமாத் தெரியுதும்மா. ஆங்... இப்ப இடம் மாறுது.”

பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சதுரங்கப் பலகை மாதிரி கட்டங்கள் மாறி மாறி வரும், நடுவிலேயே பாருங்கள் என்று டெக்னீஷியன் முன்பே சொல்லியிருந்தாள். அவர் பின்தலையில் ஒட்டிய ஒயர்கள் அவளது மானிட்டருக்குப் போயின.

அவர் மனைவிக்குப் பெரிய டாக்டர் மேல் கோபம். லேசான பக்கவாதம் வந்து போன மனுஷன் ஒரு தடவை கதவில் இடித்துக்கொண்டதற்குப் பார்வையே போயிருக்கும் என்பதா? காலையில்கூட இந்த நீலச் சால்வை உனக்கு எடுப்பாக இருக்கிறது என்றாராம். சால்வை பச்சை. வயதானவர்கள் பச்சையை நீலம் என்பது சகஜம்தான் என்று டெக்னீஷியன் நினைத்துக்கொண்டாள்.

கட்டம் மாறும் ஒவ்வொரு முறையும் மூளையின் பின்பகுதிச் செல்கள் துடித்து, மானிட்டரில் கோடு எழும்ப வேண்டும். எழும்பவில்லை. ஒயர்களைத் தன் தலையில் ஒட்டிப் பார்த்தாள், அழகாக எழும்பியது. திரும்ப அவருக்கு ஒட்டினாள். கோடு அப்படியே படுத்துக் கிடந்தது.

ஒன்றும் சொல்லாமல் அவர் எதிரிலிருந்த திரையை அணைத்தாள்.

“இப்ப இன்னும் வேகமா மாறுது,” என்றார் பெரியவர்.

டெக்னீஷியன் திரையை மறுபடி பார்த்தாள். அணைந்துதான் இருந்தது. மனைவியிடம் இருண்ட திரையைச் சுட்டிக் காட்டினாள்.

“கேட்டியாம்மா? புட்டுப் புட்டு வைக்கிறார்,” என்று அந்த அம்மாள் பெருமையாகச் சிரித்தாள்.

டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் மனசு கேட்கவில்லை. அந்த அம்மாளின் கையைப் பிடித்து வராந்தாவுக்கு அழைத்துப்போனாள். கண்ணில் கோளாறில்லை, காட்சியை வாங்கும் மூளைப்பகுதி செத்துவிட்டது, அவர் பொய்யும் சொல்லவில்லை, பார்வை போனதே அவருக்குத் தெரியாது, மூளை தானாக இட்டு நிரப்பிக்கொள்கிறது என்று மெதுவாக எடுத்துச் சொன்னாள்.

“இனிமே ரோட்டுல மட்டும் அவர் கையை விட்டுடாதீங்கம்மா.”

அந்த அம்மாள் சுவரைத் தடவிப் பிடித்துக்கொண்டாள்.

“நான் எங்கம்மா விட்டேன்? எனக்குத்தான் பிறந்ததுலேருந்து கண்ணு தெரியாதே. எதிர்லதான் வீடு. இப்பக்கூட, ‘வண்டி எதுவும் வரலை, வா’ன்னு அவர்தானே என்னை ரோட்டைத் தாண்டிக் கூட்டிட்டு வந்தார்.”